பழைய வீடா, பழைய தொடர்மாடியா?

ஜப்பானில் பழைய மாடிக்குடியிருப்பு வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது கட்டட அனுமதி எடுத்த தேதியை. 1981 ஜூன் 1 முதல் அனுமதி பெற்றதென்றால் புதிய நிலநடுக்க விதிப்படி கட்டியது. முந்தியதென்றால் விலை இறங்கும், கடன் கொடுக்க வங்கியும் யோசிக்கும். இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் கட்டடத்தின் வயதுக்கு அவ்வளவு மரியாதை தேவையில்லை. இங்கே முதலில் பார்க்க வேண்டியது மண்.

லயத்தில் பிறந்து, கொழும்புக் கடையிலோ வெளிநாட்டிலோ உழைத்துச் சேர்த்த காசோடு நிற்கிற குடும்பத்துக்குப் பெரும்பாலும் இரண்டு வழி. பெல்மதுளை, எட்டியாந்தோட்டை மாதிரி ஊர் ஓரத்தில் பத்துப் பதினைந்து பேர்ச் காணியோடு ஒரு பழைய வீடு. இல்லாவிட்டால் கொழும்பில் பழைய தொடர்மாடியில் ஒரு வீடு. தோட்டத்தில் 7 பேர்ச் காணியும் வீடும் கிடைக்கும் என்று காத்திருப்பதும் உண்டு. பட்டியலில் பெயர் இருந்தால் இருக்கட்டும். அதை நம்பிக் கையிலுள்ள காசை முடக்க வேண்டாம்.

ஊர்ப்பக்கத்து வீட்டைப் பார்க்கப் போனால் உள்ளே போகுமுன் குசினிக்குப் பின்னால் போங்கள். மலையை வெட்டித்தான் இங்கே பாதி வீடுகளுக்கு இடம் எடுத்திருப்பார்கள். வெட்டிய மண்சுவர் எவ்வளவு உயரம், சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே எத்தனை அடி, மழையில்லாத நாளிலும் அதில் நீர் கசிகிறதா, மேலே நிற்கிற மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா? பூச்சில் ஓடும் மயிரிழை வெடிப்பைக் கொத்தனார் அடைத்துவிடுவார். தரையில் தொடங்கி முற்றத்து மண்ணிலும் தொடர்கிற வெடிப்பு வேறு ரகம். அதன்மேல் புதுச் சிமெந்து பூசியிருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனது. இன்று இந்த மாவட்டங்களில் புதிதாகக் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும். பழைய வீடுகள் பல அதற்கு முந்தியவை. அந்த நிறுவனத்திடம் விண்ணப்பித்து இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தரகர் சொல்லும் "ஒன்றும் ஆகாது" அதற்கு ஈடாகாது.

சரிவே வேண்டாம், சமதரைதான் என்றால் இரத்தினபுரியில் வேறு வில்லங்கம். வயலோரத்துச் சமதரை மூடிய மாணிக்கக் குழியாக இருக்கலாம். குழி நிரப்பிய மண் மழைக்கு அமர்ந்து அத்திவாரத்தையும் இழுக்கும். அயலில் உள்ள முதியவர்களுக்கு எங்கே தோண்டினார்கள் என்று தெரியும். 2003இலும் 2017இலும் களு கங்கைத் தண்ணீர் எதுவரை வந்தது என்றும் அவர்களிடமே கேளுங்கள்.

அடுத்தது உறுதி. ஸ்வர்ணபூமி, ஜயபூமி போன்ற அரச அளிப்புக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. பிரிபடாத பங்கு என்றால், நான் என்றால் வாங்க மாட்டேன். அண்ணன் தம்பி எல்லாரும் ஒருநாள் வாசலில் நிற்பார்கள். காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்க நொத்தாரிசுக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. முத்திரை வரியையும் கணக்கில் சேருங்கள்: முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஐம்பது லட்ச ரூபா மதிப்புக்கு 1,99,000 ரூபா.

தொடர்மாடியில் மண் பயம் இல்லை, மனிதர் பயம் உண்டு. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம்தான் கூரையையும் படிக்கட்டையும் பொதுக் குழாய்களையும் பார்க்க வேண்டும். ஜப்பானில் திருத்தவேலை நிதியை மாதாமாதம் சேர்ப்பது வழக்கம். நம் பழைய தொடர்மாடிகளில் அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் மொட்டைமாடிக் கசிவும் மலக்குழாய் உடைப்பும் உங்கள் தலையில்தான். விற்பவருக்குப் பராமரிப்புக் கட்டண பாக்கி இருக்கிறதா, உறுதி அவர் பெயரில்தான் இருக்கிறதா, பால்கனியை அனுமதியில்லாமல் அடைத்து அறையாக்கியிருக்கிறாரா என்பதையும் பாருங்கள்.

கொழும்பில் வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் உறுதியாக இருக்கிறவருக்குத் தொடர்மாடி பொருந்தும். மற்றவர்கள் ஓடு ஒழுகுகிற வீடானாலும் நல்ல மண்ணும் தெளிவான உறுதியும் உள்ளதை எடுக்கலாம், ஓட்டை மாற்றலாம். எதுவானாலும் கொட்டுகிற மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஊர்ப்பக்கத்து வீடென்றால், மண் பரிசோதனையில் இடம் தவறினால் முற்பணம் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.