வீட்டு இசை நூலகம்: சேர்த்தலும் காத்தலும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

புத்தகம் சேர்ப்பவரைக் கண்டால் ‘வீட்டில் நூலகம் வைத்திருக்கிறார்’ என்று மதிப்போடு சொல்கிறோம். பாட்டுச் சேர்ப்பவரைக் கண்டால் ‘பாட்டுப் பைத்தியம்’ என்று சிரித்துவிட்டுப் போகிறோம். அச்சேறிய நூலில் ஒரு படி அழிந்தாலும் வேறெங்கோ மற்றொரு படி இருக்கக்கூடும். வானொலியிலிருந்தோ வீட்டுக் கூடத்திலோ பதிவு செய்த ஒலிநாடாவுக்கு அந்த நம்பிக்கை இல்லை. உலகிலேயே அது ஒன்றுதான் இருக்கும். அத்தகைய சேகரிப்பு ஒன்று என் கைக்கு வந்தபோது நான் கற்றவற்றையும், கற்பதற்கு முன் செய்த பிழைகளையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா பள்ளி ஆசிரியர். அவர் மறைந்த பின் அவருடைய அலமாரியைத் திறந்தோம். 41 கிராமபோன் தட்டுகளும் 63 கேசட்டுகளும் இருந்தன. தட்டுகள் அவருடைய தந்தையார் வாங்கியவை. கேசட்டுகள் அவரே சேர்த்தவை. ‘பழைய இரும்புக்காரனுக்குப் போடலாமா?’ என்று வீட்டில் பேச்சு எழுந்தது. இயற்பியல் படிப்பவன் நான் ஒருவனே என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அரக்கும் ஊசியும்

பழைய கிராமபோன் தட்டு எதனால் ஆனது என்று நம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். பலரும் ‘பிளாஸ்டிக்’ என்றனர். உண்மையில் அது அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். எடிசன் 1877-ல் கண்ட கருவி உருளையின் மேல் ஒலியைப் பதித்தது. எமில் பெர்லினர் 1887-ல் உருளைக்குப் பதிலாகத் தட்டையான வட்டைக் கொண்டுவந்தார். வட்டாக இருந்தால் ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கலாம். அரக்கோடு கல்மாவும் கரியும் கலந்து இந்தத் தட்டுகளை வார்த்தனர்.

அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்தே உலகெங்கும் சென்றது. 1902-ல் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். அந்தத் தட்டுகள் செருமனியிலுள்ள ஹனோவரில் அச்சாகி இங்கே விற்பனைக்கு வந்தன. நம் காட்டுப் பிசின் கடல் கடந்து போய், நம் நாட்டுப் பாட்டைச் சுமந்து திரும்பி வந்தது. 1908-ல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை தோன்றிய பின்னரே அந்த அலைச்சல் நின்றது.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும். திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898-1956) கோயில் வீதிகளில் மணிக்கணக்கில் விரித்த தோடியை, இந்த நிமிடங்களுக்குள் சுருக்கித்தான் தட்டில் தந்தார். அந்தச் சுருக்கத்தையே மனப்பாடம் செய்து வளர்ந்த இரசிகர்கள் ஒரு தலைமுறை. பழைய தட்டுகளைக் கேட்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும். நாம் கேட்பது முழுக் கச்சேரியன்று; கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடிய பாட்டு.

அரக்கு என்று அறிந்துகொண்டதால் ஒரு பெரிய தவறிலிருந்து தப்பினேன். தட்டுகளில் படிந்த அழுக்கை ஆய்வகத்து ஸ்பிரிட்டால் துடைக்க எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டு நாற்காலிக்கு மெருகு போட வந்த தச்சர் அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏற்கெனவே உடைந்து கிடந்த ஒரு தட்டின் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, துண்டின் பளபளப்பும் போயிற்று. துடைத்தது அழுக்கை மட்டுமன்று, பாட்டையும்தான். ஆகவே 78 சுழற்சித் தட்டை ஸ்பிரிட் கொண்டு ஒருபோதும் துடைக்கலாகாது. ஓரிரு சொட்டுச் சோப்புக் கலந்த வடிநீரில் மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, சாலின் போக்கிலேயே துடைத்து, வெறும் வடிநீரால் மீண்டும் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். நடுவிலுள்ள காகித வில்லையில் ஈரம் படக்கூடாது.

ஊசியிலும் கவனம் தேவை. 1948-ல் வந்த நீண்டநேரத் தட்டின் சால் மிகக் குறுகியது. அதற்குரிய ஊசிமுனையைப் போல மூன்று மடங்கு பருத்த முனை 78 தட்டுக்கு வேண்டும். மெல்லிய ஊசியை வைத்தால் அது சாலின் அடியிலுள்ள தூசியில் உரசி ஓடும். கரகரப்பே பாட்டைவிட ஓங்கி ஒலிக்கும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் கேடு. புத்தகம்போல் நெட்டுக்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் படுக்க வைத்து அடுக்கியிருந்தார்கள். அடியிலிருந்த நான்கு தட்டுகள் விரிசல் கண்டிருந்தன.

நாடாவின் நோய்கள்

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் கேசட்டை வெளியிட்டது. நம் ஊர்களில் அது செய்த மாற்றத்தைப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியல் எழுதிய தாளையும் கடையில் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கி வருவார்களாம். உள்ளட்டையில் பந்துமுனைப் பேனாவால் கடைக்காரர் எழுதிய வரிசை இருக்கும். தாத்தாவின் கேசட்டுகளில் பாதிக்கு மேல் இவ்வகைதான். அவற்றிலுள்ள திரைப்பாடல்கள் வேறிடங்களிலும் கிடைக்கும். எஞ்சியவையே அரியவை: திருச்சி வானொலியின் இரவுக் கச்சேரிகள், திருவிழா நாகசுரம், வீட்டுப் பெண்களின் பாட்டு.

நாடா என்பது மெல்லிய பாலியெஸ்டர் பட்டை. அதன்மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பசை கொண்டு ஒட்டியிருப்பார்கள். ஒலி அத்துகள்களில் காந்த ஒழுங்காகப் பதிகிறது. வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் நாடா நகரும். அப்படியானால் 60 நிமிடக் கேசட்டில் ஏறத்தாழ 86 மீட்டர் நாடா வேண்டும் என்று நண்பர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 90 நிமிடக் கேசட்டும் அதே பெட்டிக்குள் அடங்க வேண்டுமாதலால் அதன் நாடா மேலும் மெல்லியது. எளிதில் சிக்கிக்கொள்வதும் அதுவே.

காந்தம் அவ்வளவு விரைவில் மறைந்துவிடுவதில்லை. முதலில் கெடுவது பசைதான். காற்றின் ஈரத்தை உறிஞ்சி அது இளகுகிறது. பின் துகள்கள் உதிர்ந்து கருவியின் தலையில் அப்புகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் ஓட்டு வீட்டைப் பதம் பார்த்தபோது அலமாரியின் மேல்தட்டு நனைந்தது. அதிலிருந்த கேசட்டுகளில் வெண்ணிறப் பூஞ்சை படர்ந்துவிட்டது. அவற்றை அப்படியே கருவியில் போட்டிருந்தால் பூஞ்சை மற்ற நாடாக்களுக்கும் பரவியிருக்கும். பெட்டிகளின் திருகைக் கழற்றி, நாடாச் சுருளை வேறு பெட்டிக்கு மாற்றி, உலர்ந்த துணியால் ஒற்றிச் சுற்றி எடுத்தேன். ஒன்பதில் ஏழு பிழைத்தன. மழைச்சாரல் அடிக்கும் சுவரை ஒட்டி அலமாரி வைப்பதைவிட இசைக்குச் செய்யும் பெருந்தீங்கு வேறில்லை. ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் கேசட் வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது. உள்ளே காந்தம் இருக்கிறது.

கேசட்டின் முதுகில் இரண்டு சிறு பற்கள் உண்டு. அவற்றை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மேற்கொண்டு பதிவு செய்ய இயலாது. பதிவுப் பொத்தான் இறங்காது. மீண்டும் பதிவு செய்ய விரும்பினால் அந்தக் குழியை ஒட்டுத்தாளால் மூடிக்கொள்ளலாம். இவ்வளவு எளிய பாதுகாப்பை எங்கள் வீட்டில் ஒரு கேசட்டுக்குச் செய்யாமல் விட்டார்கள். எங்கள் கொள்ளுப்பாட்டி பாடிய நடவுப் பாட்டும் ஒப்பாரியும் கொண்ட கேசட் அது. தாத்தா தம் தாயாரைத் திண்ணையில் உட்கார வைத்துப் பதிவு செய்தது. எனக்கு ஆறு வயதிருக்கும்போது டேப் ரெக்கார்டரின் சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தியிருக்கிறேன். ஒப்பாரியின் நடுவே 22 வினாடிகள் என் கூச்சல் கேட்கிறது. அதன் அடியில் என்ன வரி இருந்தது என்று சொல்ல இன்று வீட்டில் எவரும் இல்லை.

பெயரில்லாப் பெட்டிகள்

சேகரிப்போர் பலரும் கருவியைப் பற்றியே கவலைப்படுகின்றனர். என் அனுபவத்தில் ஒலிக்கு முன்னே அழிவது அதைப் பற்றிய செய்தி. தாத்தா தமக்காகச் சேர்த்தவர். பிறருக்காக எழுதி வைக்கவில்லை. ஓர் உறையில் ‘நல்ல பைரவி’ என்றிருந்தது. இன்னொன்றில் ‘மழை நாள்’ என்று மட்டும் இருந்தது. இப்படி யார் பாடியது என்றே தெரியாதவை 23.

எங்கள் தெருவில் எண்பது கடந்த பெரியவர் ஒருவர் இருந்தார். இளமையில் மிருதங்கம் பயின்றவர். அவரிடம் கொண்டுபோனேன். கண்ணை மூடிக் கேட்டார். பாடகரை விட்டுவிட்டு, ‘தம்பி, அந்தத் தொப்பியிலே கும்கி விழுகிறது பார், அது இன்னாருடைய கை’ என்று பக்கவாத்தியக்காரரை முதலில் சொன்னார். அங்கிருந்து பாடகர் யார் என்று பிடித்தோம். மாலைதோறும் ஒன்றாக நான்கு கேசட்டுகளுக்குப் பெயர் கிடைத்தது. பருவத் தேர்வு வந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். தை மாதத்தில் அவர் காலமானார்.

ஆகவே முதல் வேலை பதிவேடு. கருவி வாங்கும் முன்பே ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கிவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தொடரெண் கொடுத்து, அதே எண்ணைப் பென்சிலால் உறையிலும் எழுத வேண்டும். பாடியவர், பக்கவாத்தியம், இராகம், பதிவான இடம், நாள் ஆகியவற்றோடு, அது யார் கையிலிருந்து வந்தது என்பதையும், இந்தச் செய்தியைச் சொன்னவர் யார் என்பதையும் குறிக்க வேண்டும். ஐயமுள்ளதை ஐயமென்றே எழுத வேண்டும். ஊகத்தை உண்மைபோல் எழுதினால் பின்னால் வருபவர் அதையே நம்பிவிடுவார். கிராமபோன் தட்டாயின் வில்லையிலுள்ள எண்ணோடு, சால் முடியும் வெற்றிடத்தில் பொறித்துள்ள எண்ணையும் விடாமல் எழுதிக்கொள்க. வில்லை கிழிந்து போன தட்டையும் அந்த எண்ணால் அடையாளம் காண முடியும். கடைப் பெயர் அச்சிட்ட பழைய காகித உறைகளையும் எறியலாகாது.

இத்துறையில் தனிமனிதர் செய்த பணி சிறிதன்று. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள், நாடக அறிவிப்புகள், பாட்டுப் புத்தகங்கள் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. 78 சுழற்சித் தட்டுகளைப் பல்லாயிரக்கணக்கில் சேர்த்து வகைப்படுத்தியதற்காக வி. ஏ. கே. ரங்காராவ் பெயர் பெற்றார். குவித்ததோடு நில்லாமல் வகைப்படுத்தியதால்தான் அவை பிறருக்கும் பயன்பட்டன.

படியெடுத்தல்

நாடாவைக் கணினியில் ஏற்ற, நல்ல நிலையிலுள்ள கேசட் கருவியும் ஓர் இணைப்புக் கம்பியும் போதும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஓடாத நாடாவை முதலில் ஒரு முறை முன்னும் பின்னும் முழுதாகச் சுற்றித் தளர்த்திவிட வேண்டும். கருவியின் தலையை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைக்கலாம். தட்டுக்குப் பகையான ஸ்பிரிட் இங்கே நண்பன்.

வேகத்தில்தான் பலர் ஏமாறுகின்றனர். வேகம் 6 விழுக்காடு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். பாடகர் எந்தக் கட்டையில் பாடினார் என்பதே மாறிப்போகும். பழைய கருவியின் இரப்பர் பட்டை தளர்ந்திருந்தால் குரல் தாழ்ந்து கேட்கும். இதைச் சரிபார்க்க நம் பாடமே உதவியது. மின்சாரத்தில் ஓடும் கருவியில் பதிவு செய்த நாடாக்களில் மெல்லிய ரீங்காரம் ஒன்று பதிந்திருக்கும். நம் நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 அதிர்வு. கணினியின் அலைவரைபடத்தில் அந்த ரீங்காரம் 48-ல் தெரிந்தால் நாடா 4 விழுக்காடு மெதுவாக ஓடுகிறது என்று பொருள். அந்த அளவுக்குத் திருத்திக்கொள்ளலாம். கேட்பதற்குத் தொல்லையான அதே ரீங்காரம் அளவுகோலாகவும் பயன்பட்டதை எண்ணி வியந்தேன்.

குறுந்தகட்டில் ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில் எழுதுகின்றனர். பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகங்களின் நெறிமுறை 48,000 முறையும் 24 பிட்டும் குறைந்தபட்சம் வேண்டும் என்கிறது. நான் அதையே பின்பற்றினேன். 63 கேசட்டுகளும் 100 கிகாபைட்டுக்குள் அடங்கிவிட்டன. எம்பி3 வடிவம் இடத்தை மிச்சப்படுத்துவது, காதுக்கு எட்டாது என்று தான் கருதும் பகுதிகளை நீக்கித்தான். கைப்பேசியில் கேட்க அது போதும். மூலப்படியாக வைக்க ஆகாது. கரகரப்பு நீக்கிய படியையும் மூலப்படியாக வைக்கக் கூடாது. கரகரப்போடு தம்புராவின் நாதமும் சேர்ந்து போய்விடும்.

மூன்று படிகள் எடுத்தேன். ஒன்று கணினியில், ஒன்று தனி வட்டில், ஒன்று திருச்சியிலுள்ள அத்தை வீட்டில். ஒரே அலமாரியில் மூன்று படி வைத்தால், புயலுக்கு அது ஒரு படிதான். பதிவேட்டையும் படமெடுத்து மூன்றோடும் சேர்த்திருக்கிறேன். மூல நாடாக்களை எறியவில்லை. நாளை இதைவிட நல்ல கருவி வரலாம்.

பதிவேட்டின் முதல் எண் கொள்ளுப்பாட்டியின் கேசட்டுக்கு. ‘நீளம் 11 நிமிடம். இடையில் 22 வினாடி அழிவு’ என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். பற்கள் இரண்டையும் உடைத்துவிட்டேன்.

19 கேசட்டுகள் இன்னும் பெயரில்லாமல் இருக்கின்றன. குரலையோ கையையோ கேட்டு இன்னார் என்று சொல்லவல்ல பேராசிரியர்களோ மாணவ நண்பர்களோ இருந்தால், மாலை நான்கு மணிக்கு மேல் இயற்பியல் ஆய்வகத்தில் என்னைக் காணலாம். கருவியும் காதணியும் அங்கேயே வைத்திருக்கிறேன்.