பிரசவ அறையில் செவிலியர் பணி

ஒரு நாட்டின் சுகாதார முன்னேற்றத்தை அளந்தறியப் பேறுகாலத் தாய்மார் இறப்பு விகிதம் சிறந்ததோர் அளவுகோலாகும். சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் அளித்த அறிக்கை, நம் நாட்டில் ஆண்டுதோறும் சுமார் இரண்டு இலட்சம் தாய்மார்கள் பேறுகாலத்தில் இறப்பதாக மதிப்பிட்டது. மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2004–06-இல் 254 ஆக இருந்த இவ்விகிதம் 2019–21-இல் 93 ஆகக் குறைந்தது.

இக்காலத்தில் மருத்துவமனைப் பிரசவங்கள் பெருகின. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2005–06-இல் 39 சதவீதமாக இருந்த இவை 2019–21-இல் 89 சதவீதமாயின. 2005-இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டம் தாய்மாருக்கு ஊக்கத்தொகை வழங்கியது. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் மருந்து, உணவு, இரத்தம், ஊர்தி ஆகியவற்றின் செலவிலிருந்து அவர்களை விடுவித்தது.

ஆயினும், மருத்துவமனையின் வாயிலை அடைவது வேறு. அங்கே தக்க பராமரிப்பைப் பெறுவது வேறு. 2019–21 கணக்கெடுப்பின்படி அஸ்ஸாமில் 84 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. கேரளத்தில் ஏறக்குறைய அனைத்துமே அவ்வாறு நிகழ்ந்தன. ஆனால் 2018–20-இல் தாய்மார் இறப்பு விகிதம் கேரளத்தில் 19, அஸ்ஸாமில் 195. பிரசவ எண்ணிக்கையில் உள்ள சிறு வேறுபாடு இப்பத்து மடங்கு வேறுபாட்டை விளக்காது. இரத்தசோகை, வறுமை, தொலைவு ஆகியவை இதற்குக் காரணமாவது உண்மையே. எனினும், பிரசவ அறையில் கிடைக்கும் பராமரிப்பின் தரத்தையும் நாம் ஆராய்ந்தாக வேண்டும். அப்பராமரிப்பில் பெரும்பகுதி செவிலியரின் கையில் உள்ளது.

முதற்கட்டம்: கவனித்தல்

பிரசவத்தின் முதற்கட்டம், வலி தொடங்கியது முதல் கருப்பை வாய் முழுமையாக, அதாவது 10 சென்டிமீட்டர், விரியும் வரை நீடிப்பது. இக்கட்டத்தில் செவிலியரின் தலையாய பணி கண்காணிப்பே. வலி தீவிரமடைந்தபின், குழந்தையின் இதயத்துடிப்பையும் வலி எழும் எண்ணிக்கையையும் அரைமணிக்கு ஒருமுறை அறிய வேண்டும். துடிப்பு நிமிடத்திற்கு 110-க்குக் குறைந்தாலோ 160-ஐத் தாண்டினாலோ அது எச்சரிக்கையாகும். தாயின் நாடி, இரத்த அழுத்தம், உடல் வெப்பம் ஆகியவற்றையும் உரிய இடைவெளிகளில் குறிக்க வேண்டும். கருப்பை வாயின் விரிவை வழக்கமாக நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை சோதித்தால் போதும். அடிக்கடி சோதிப்பது நோய்த்தொற்றுக்கு வழிவகுக்கும்.

இவற்றை ஒரே தாளில் காட்டுவது பார்ட்டோகிராஃப் எனப்படும் பிரசவ வரைபடம். பிரசவம் தடைப்படுவதை உரிய வேளையில் உணர்த்தி, தாயை உயர்நிலை மருத்துவமனைக்கு அனுப்ப இது வழிசெய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட புதிய வழிகாட்டித் தாள், விரிவு 5 சென்டிமீட்டரை எட்டியதிலிருந்து பதிவைத் தொடங்குகிறது. தாய் நீர் அருந்துவது, உடனிருக்கும் துணை ஆகியவற்றையும் அது குறிக்கச் சொல்கிறது. இவை வெறும் உபசாரங்கள் அல்ல. இடைவிடாத ஆதரவு பெறும் தாய்க்கு இயல்பான பிரசவம் நிகழும் வாய்ப்பு அதிகம் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இரண்டாம், மூன்றாம் கட்டங்கள்

குழந்தை வெளிவரும் இரண்டாம் கட்டத்தில் இதயத்துடிப்பை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை கேட்க வேண்டும். தாயின் வயிற்றை மேலிருந்து அழுத்துவது தீங்கானது. அதை அறவே தவிர்க்க வேண்டும்.

குழந்தை பிறந்தது முதல் நஞ்சுக்கொடி வெளிவரும் வரை உள்ள மூன்றாம் கட்டம் நேரத்தால் சிறியது, ஆபத்தால் பெரியது. நம் நாட்டில் தாய்மார் இறப்புக்குப் பிரசவத்தை ஒட்டிய இரத்தப்போக்கு முக்கியக் காரணமாகும். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்திற்குள் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசியைத் தசையில் செலுத்துவது இதைப் பெரிதும் தடுக்கிறது. விலை குறைந்த இம்மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் பாதுகாக்க வேண்டும். குளிர்பெட்டி பழுதாகிக் கிடக்கும் இடத்தில் மருந்து இருப்பேட்டில் இருக்கும், அதன் ஆற்றல் இராது.

பிறந்த குழந்தையை உடனே துடைத்து, தாயின் மார்போடு சேர்த்து வைக்க வேண்டும். தாயும் சேயும் நலமாயிருப்பின், ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்துத் தொப்புள்கொடியை வெட்டலாம். முதல் மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும்.

பிரசவத்திற்குப் பின் இரண்டு மணி நேரம்

உறவினர் மகிழ்ந்திருக்கும் இந்த நேரத்தில்தான் செவிலியர் தாயைவிட்டு அகலலாகாது. நாடி, இரத்த அழுத்தம், கருப்பையின் இறுக்கம், இரத்தப்போக்கு ஆகியவற்றைப் பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இரத்த இழப்பு 500 மில்லிலிட்டரை எட்டட்டும் எனக் காத்திராமல், நாடி விரைந்தாலே செயற்பட வேண்டும். கண்ணால் மதிப்பிடும்போது இழப்பு பெரும்பாலும் குறைவாகவே தோன்றும். அளவுக்கோடுகள் இட்ட விரிப்பால் இழப்பை அளந்து, சிகிச்சைகள் அனைத்தையும் ஒருங்கே தொடங்கிய முறை, கடும் இரத்தப்போக்கு முதலிய மோசமான விளைவுகளை 60 சதவீதம் குறைத்ததாக 2023-இல் வெளியான நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஆய்வு தெரிவித்தது.

நிர்வாகத்தின் கடமை

மேற்கூறியவற்றுள் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை என்பதை வாசகர் கவனித்திருப்பர். இவற்றுக்கு வேண்டிய அரிய பொருள் செவிலியரின் நேரமே. ஒரே செவிலியர் இரவுப் பணியில் பிரசவ அறையையும் வார்டையும் பதிவேடுகளையும் கவனிக்க நேர்ந்தால், அரைமணிக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சோதனை ஏட்டில் மட்டுமே நடைபெறும். அப்போது தவறு அவரிடம் மட்டும் இல்லை; அவரை அங்குத் தனியே நிறுத்திய பணி ஒதுக்கீட்டிலும் உள்ளது.

2017 டிசம்பரில் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டம், பயிற்சி பெற்ற பிரசவ அறைப் பணியாளரை அடிக்கடி வேறு பிரிவுகளுக்கு மாற்றலாகாது என வலியுறுத்தியது. இயல்பான பிரசவங்களைப் பொறுப்பேற்று நடத்தவல்ல செவிலியரை 18 மாதப் பயிற்சியால் உருவாக்க 2018-இல் வழிகாட்டு நெறிகள் வெளியாயின. பயிற்சியோடு அதிகாரமும் தரப்படாவிடின் இம்முயற்சி பயன் தராது.

ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் மாதப் பிரசவ எண்ணிக்கையைக் கேட்பதோடு நின்றுவிடலாகாது. அந்நேரத்தில் வலியிலிருக்கும் தாயின் வரைபடத்தைக் காட்டுமாறு கேட்கலாம். அது மணிக்கு மணி நிரப்பப்பட்டுள்ளதா, பிரசவம் முடிந்தபின் ஒரே கையெழுத்தில் ஒரே மூச்சில் நிரப்பப்படுகிறதா என்று பார்க்கலாம். இரவுப் பணியில் எத்தனை பேர், ஆக்சிடோசின் எங்கே உள்ளது என்றும் வினவலாம். இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகள், அந்நிலையத்தில் ஒரு தாய் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறாள் என்பதைத் தெளிவாகக் காட்டிவிடும்.

தாயை மருத்துவமனைக்கு அழைத்துவரும் பணியில் நாம் பெருமளவு வெற்றி கண்டுள்ளோம். நம்பி வந்தவளின் அருகே பயிற்சி பெற்ற ஒருவர் இடைவிடாது இருக்கச் செய்வதே இனி நாம் நிறைவேற்ற வேண்டிய பணியாகும்.