ஓட்டிசமும் மரதன் ஓட்டமும்

சில பிள்ளைகள் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. மூன்று வயதாகியும் பேச்சு வராது. ஒரே விளையாட்டையே நாள் முழுக்க விளையாடும். லயத்தில் உடனே "காத்து கருப்பு பட்டிருச்சு", "தாய் செஞ்ச பாவம்" என்பார்கள். தாய்மாரே, இந்தப் பழியை ஏற்க வேண்டாம். இவை ஓட்டிசத்தின் அடையாளங்களாக இருக்கலாம். மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடே ஓட்டிசம். வளர்ப்புக் குறையால் வருவதல்ல.

இப்படியான பிள்ளையால் என்ன செய்ய முடியும் என்பவர்களுக்குத் தென்கொரியாவைக் காட்டலாம். ஓட்டிசம் உள்ள பே ஹியோங்-ஜின் என்ற இளைஞர், 2001ஆம் ஆண்டு சுன்சொன் நகர மரதனில் 42.195 கிலோமீற்றரை மூன்று மணித்தியாலத்துக்குள் ஓடி முடித்தார். பழகிய ஓட்டக்காரருக்கே அது லேசுப்பட்ட காரியமில்லை! அவர் கதையைத் தழுவி 2005இல் வந்த படத்தை ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள்.

லண்டன் மரதனிலும் பலர் ஓட்டிசம் சங்கங்களுக்காக ஓடுகிறார்கள். ஓடுவதற்கு முன்பே சொந்தக்காரரிடமும் கூட வேலை செய்வோரிடமும் சங்கத்துக்குக் காசு சேர்ப்பார்கள். ஏன் என்று கேட்பவருக்கெல்லாம் ஓட்டிசம் என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும். காசைவிட இந்தப் பேச்சுத்தான் எங்களுக்குப் பெரிதாய்ப் படுகிறது.

உங்கள் பிள்ளையிடம் மேற்சொன்னவை தெரிந்தால் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சியைச் சிறுவயதிலேயே தொடங்குவது நல்லது. நூல் கட்டியிருந்தாலும் பரவாயில்லை, கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள்.