இது எந்த வருஷத்து மழை?

வடகிழக்குப் பருவமழைக் காலம். ஒரு நாள் மாலை, மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. "நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா டீச்சர்?" என்று ஒரு மாணவனின் தாய் கைபேசியில் கேட்டார். தேடுபொறியில் எங்கள் மாவட்டத்தின் பெயரோடு ‘பள்ளி விடுமுறை’ என்று தட்டச்சு செய்தேன். கனமழையால் மறுநாள் பள்ளிகளுக்கு விடுமுறை என்ற செய்தி முதலிலேயே வந்து நின்றது. சற்று நேரத்தில் பெற்றோர் குழுவில் ஒரு தொலைக்காட்சித் திரையின் படம் வந்தது. அதிலும் அதே செய்தி. இரண்டு இடங்களில் ஒரே தகவல் இருந்தால் உண்மையாகத்தானே இருக்கும் என்று எண்ணி, எட்டாம் வகுப்புப் பெற்றோர் குழுவில் அதை நானே பகிர்ந்துவிட்டேன்.

மறுநாள் பள்ளி நடந்தது. மாவட்ட ஆட்சியர் விடுமுறை எதையும் அறிவித்திருக்கவில்லை. நான் பார்த்த செய்தியும் படமும் முந்தைய ஆண்டினுடையவை. என் வகுப்பில் 32 பேரில் 9 பேர் மட்டுமே வந்திருந்தார்கள். அதற்கடுத்த நாள் வந்த ஒரு மாணவியிடம் காரணம் கேட்டபோது, "நீங்கதானே டீச்சர் அனுப்பினீங்க" என்றாள். தம்பியையும் அவளையும் பார்த்துக்கொள்வதற்காக அவள் அம்மா அன்று கூலி வேலைக்குப் போகவில்லையாம். ஒரு நாள் கூலி என் ஒரு விரல் அசைவில் போயிருந்தது.

அந்த உறுத்தலில்தான் இந்தப் பாடத்தைத் தயாரித்தேன். தேடுபொறி எப்படி வேலை செய்கிறது, சமூக ஊடகம் எப்படி வேலை செய்கிறது, இரண்டும் எதைச் செய்வதில்லை என்பதே பாடத்தின் மையக் கருத்து.

இரண்டு வகை நூலகங்கள்

தேடுபொறியை ஒரு நூலகமாக மாணவர்களுக்கு விளக்கினேன். அதன் நிரல்கள் இணையப் பக்கங்களைத் தேடிச் சென்று படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று ஓர் அடைவைத் தயாரிக்கின்றன. நாம் கேட்கும்போது அந்த அடைவிலிருந்துதான் விடை வருகிறது. எந்தப் பக்கம் முதலில் வர வேண்டும்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கண்ட வழி இது: பிற பக்கங்கள் எதற்கு அதிகமாக இணைப்புக் கொடுக்கின்றனவோ அது முக்கியமான பக்கம். 1998இல் தொடங்கிய கூகுள் நிறுவனம் இதன்மேல்தான் வளர்ந்தது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன் நடந்த ஒன்றைப் பற்றிய பக்கத்துக்கு யார் இணைப்புக் கொடுத்திருப்பார்கள்?

சமூக ஊடகம் அறிவிப்புப் பலகை போன்றது. யார் வேண்டுமானாலும் உடனே எழுதி ஒட்டலாம். சரிபார்த்து ஒட்டுபவர் என்று அங்கே யாரும் இல்லை.

போட்டி நடந்த கதை

இந்த வேறுபாட்டைச் சில நிகழ்வுகளின் வழியே விளக்கினேன். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் தாக்குதல் நடந்தபோது மக்கள் கூகுளில் செய்தியைத் தேடினார்கள். அடைவில் பழைய பக்கங்களே இருந்தன. தொலைக்காட்சியையும் வானொலியையும் நாடும்படி கூகுள் தன் முகப்பிலேயே எழுதி வைத்தது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 2002இல் வெளியான கூகுள் நியூஸ். அதை உருவாக்கிய கிருஷ்ண பரத் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஒரு விமானம் இறங்கியது. அதிலிருந்த 155 பேரும் உயிர் தப்பினர். மீட்கச் சென்ற படகில் இருந்த ஒரு பயணி எடுத்த படம் ட்விட்டர் வழியே உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு ஜூன் 25 அன்று பாடகர் மைக்கேல் ஜாக்சன் இறந்த செய்தி பரவியபோது, ஒரே பெயரை இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தேடினர். அது இணையத் தாக்குதலாக இருக்கலாம் என்று கூகுளின் கணினிகள் கருதின. சுமார் 25 நிமிடங்கள் பலருக்கு விடைக்குப் பதிலாகப் பிழைச் செய்தியே கிடைத்தது.

இதன் பின் தேடுபொறிகள் சும்மா இருக்கவில்லை. 2009 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் பிங், கூகுள் இரண்டும் ஒரே நாளில் ட்விட்டருடன் ஒப்பந்தம் அறிவித்தன. டிசம்பரில் கூகுள் உடனடித் தேடலைத் தொடங்கியது. அதுவரை அடைவின் முக்கியப் பகுதி இரு வாரங்களுக்கு ஒருமுறை என்ற அளவில்தான் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 2010இல் வந்த ‘காஃபின்’ என்ற புதிய அமைப்பு அதைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கச் செய்தது. 2011 ஜூலையில் ட்விட்டர் ஒப்பந்தம் முடிந்தது. உடனடித் தேடலும் நின்றது. 2015இல் மீண்டும் ஒப்பந்தம் போட்டு, ட்விட்டர் பதிவுகளைத் தேடல் முடிவுகளில் காட்டினார்கள்.

"அப்போ யாரு டீச்சர் ஜெயிச்சது?" என்று ஒரு மாணவன் கேட்டான். அதற்கு விடையாக 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைச் சொன்னேன். எங்கே படகு வேண்டும், எங்கே உணவு உண்டு, யார் வீட்டில் தங்கலாம் என்று சமூக ஊடகங்களில் வந்த தகவல்கள் பலருக்கு உதவின. அதே நாட்களில், கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற வதந்தியும் அதே வேகத்தில் பரவியது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பண்ணையே மறுக்க வேண்டியிருந்தது. உதவியும் வதந்தியும் ஒரே வழியாகத்தான் வந்தன. போட்டி முழுவதும் யார் முந்துவது என்பதைப் பற்றியது. சரிபார்க்கும் வேலை படிப்பவரிடமே விடப்பட்டிருக்கிறது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

முதல் செயல்பாடு ‘முத்திரை எங்கே?’ ஓர் அஞ்சல் அட்டையைக் காட்டினேன். முத்திரையில் தேதியும் ஊரும், அட்டையில் அனுப்பியவர் பெயரும் இருந்தன. பிறகு கைபேசியில் வந்த நான்கு செய்திகளை அச்சிட்டுக் குழுக்களிடம் கொடுத்தேன். எப்போது, எங்கே, யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடச் சொன்னேன். நான் பகிர்ந்த விடுமுறைச் செய்தியும் அந்த நான்கில் ஒன்று. மூன்றுக்கும் விடை இல்லை என்று பிள்ளைகள் கண்டுபிடித்தபோது, அதை அனுப்பியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அன்று வகுப்பு கவனித்தது போல் என்றும் கவனித்ததில்லை. இதற்குக் கணினி தேவையில்லை. தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் ஏற்றது.

இரண்டாவது, உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில். ஒரே சொல்லை இருமுறை தேடச் செய்தேன். முதல்முறை அப்படியே, அடுத்த முறை ‘கருவிகள்’ பகுதியில் ‘கடந்த 24 மணி நேரம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து. இரண்டு முடிவுகளையும் தேதியோடு அட்டவணையில் எழுதினார்கள். முதல் பட்டியலில் பழைய ஆண்டுச் செய்திகளைப் பிள்ளைகளே வட்டமிட்டார்கள்.

மூன்றாவது, படத்தைக் கொண்டு தேடுதல். ஒரு படத்தைத் தேடுபொறியில் ஏற்றினால், அது முன்பு எங்கெல்லாம் வந்துள்ளது என்று காட்டும். பழைய படம் புதிய செய்தியாக வருவதைக் கண்டுபிடிக்க இது எளிய வழி.

நான்காவதாக ஒரு பாடத்தை எனக்கு நானே எழுதிக்கொண்டேன். இரண்டு இடங்களில் ஒரே செய்தி வந்தால் அது இரண்டு சான்றுகள் ஆகாது. இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்திருக்கலாம். விடுமுறை என்றால் ஆட்சியரின் அறிவிப்பு அல்லது தலைமையாசிரியரின் வாய்ச்சொல். அது வரும்வரை பகிர்வதில்லை.

இந்த ஆண்டு முதல் மழையின்போது மீண்டும் ஒரு விடுமுறைப் படம் பெற்றோர் குழுவில் வந்தது. நான் பார்ப்பதற்குள், தன் அம்மாவின் கைபேசியிலிருந்து அந்த மாணவி கேட்டிருந்தாள்: "இது எந்த வருஷத்து மழை?" அதன்பின் யாரும் அதைப் பகிரவில்லை. மறுநாள் 32 பேரில் 30 பேர் வந்தார்கள்.

பருவமழை தொடங்கும் முன் இரண்டு பாடவேளைகளை இதற்கு ஒதுக்கிப் பாருங்கள். பெற்றோர் குழுவில் நாம் அனுப்பும் ஒவ்வொரு வரியையும், "டீச்சர் சொல்லிட்டாங்க" என்று நம்பும் வீடுகள் இருக்கின்றன.