கடன் நோட்டும் கடலை மிட்டாயும்

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண் நிலக்கடலை, வெல்லப் பாகு என்று எல்லாரும் பக்குவத்தைத்தான் புகழ்கிறார்கள். கடை வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியது வேறு: அந்தக் குறியீடு ஒரு முதலாளியின் பெயரில் இல்லை, தொழிலில் போட்டியாளர்களான பலர் சேர்ந்த சங்கத்தின் பெயரில் இருக்கிறது.

அதனால் பக்கத்துக் கடைக்காரரோடு பேச்சை முறிக்காதீர்கள். சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தால் ஓடுவது அங்கேதானே!

விலை ஏற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. 2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாயானது, 14 ஆண்டுகளுக்குப் பிறகு. மூலப்பொருள் விலையேற்றத்தை உற்பத்தியாளர்கள் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொன்னார்கள். நீங்களும் விலையை ஏற்றினால், வாடிக்கையாளர் காசை எண்ணும்போது திகைக்க விடாமல் காரணத்தோடு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடன் பாக்கிக்கும் காலம் உண்டு. மானாவாரிக் காட்டில் புரட்டாசி, ஐப்பசி விதைப்புக் காலம். விவசாயியிடம் இருக்கிற காசெல்லாம் விதைக்கும் உரத்துக்கும் போயிருக்கும். அப்போது நெருக்கினால் பணமும் வராது, ஆளும் வரமாட்டார். தை, மாசியில் வெள்ளாமை வீடு வந்ததும் கேளுங்கள். அதையும் நாலு பேர் நிற்கும்போது கேட்காமல், கடை ஓய்ந்த மத்தியான நேரத்தில், மழை மகசூல் எல்லாம் விசாரித்துவிட்டு.