பழைய அம்பாசிடரும் பழைய எஃப்.சி.யும்



துவரம்பருப்பு மூட்டை கடையில் வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? மேல்வாயைப் பிரித்துப் பார்ப்பதோடு விடுவதில்லை. குத்தூசியை நடுவிலும் அடியிலும் செருகி, உள்ளே இருக்கும் சரக்கைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் தராசில் ஏற்றுகிறோம். ஒரு மூட்டைப் பருப்புக்கு இத்தனை கவனம் காட்டும் நாம், லட்ச ரூபாய் கொடுத்துப் பழைய கார் வாங்கும்போது "எஃப்.சி. இருக்கிறதா?" என்று ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திவிடுகிறோம். "இருக்கிறது" என்று பதில் வந்ததும் முன்பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறோம்.

குன்னம், வேப்பூர் பக்கத்து வணிகர்கள் பலருக்கு அம்பாசிடர் கார் மேல் இன்றும் ஓர் ஆசை உண்டு. குடும்பம் முழுவதும் ஏறலாம், கிராமத்துச் சாலையிலும் அசையாமல் போகும். 1950-களின் இறுதியில் தொடங்கிய அந்தக் காரின் உற்பத்தி, உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. எனவே இனி யார் அம்பாசிடர் வாங்கினாலும் அது பழைய வண்டிதான். பழைய வண்டிக்கு அதன் பழைய கணக்குதான் முக்கியம்.

ஒரு வணிகரின் அனுபவம்

நமக்குத் தெரிந்த மளிகை வணிகர் ஒருவர் தீபாவளிச் சரக்குக்கென ஒதுக்கியிருந்த பணத்தில் ஓர் அம்பாசிடரை வாங்கினார். ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் இரண்டு ஆண்டு தவணை இருந்தது. வண்டியும் நன்றாக ஓடியது. தவணை முடிந்து ஆய்வுக்குக் கொண்டு போனபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. புத்தகத்தில் பெட்ரோல் என்று இருக்கிறது. வண்டியில் இருப்பதோ டீசல் இன்ஜின். முந்தைய ஆய்வு முடிந்த பிறகு யாரோ இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள். விற்றவரைத் தேடினால் ஆள் கிடைக்கவில்லை. வண்டி மாதக்கணக்கில் கொட்டகையில் நின்றது. கடையின் முதலும் அதோடு சேர்ந்து முடங்கியது.

இதில் சான்று பொய்யில்லை. ஆய்வாளர் வண்டியைப் பார்த்த அந்த ஒரு நாளில் வண்டி எப்படி இருந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அடுத்த நாள் நடந்ததற்கு அது பொறுப்பாகாது. ஆகவே நாம் பார்க்க வேண்டியது ஒரு சான்றை அல்ல, சான்றுகளின் வரிசையை.

சட்டம் சொல்வது என்ன?

சொந்த உபயோகக் காரின் பதிவு முதல் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு வண்டியை ஆய்வுக்குக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வாடகைக் கார், சரக்கு வண்டிகளுக்கு முறை வேறு: 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். லோடு ஆட்டோ வாங்குவோரும் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஒரு காரின் எண்ணைக் கொடுத்தால், அது எந்தெந்த ஆண்டில் ஆய்வில் தேறியது, எதில் தவறியது, அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது என்பதைக் கணினியில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். நம் நாட்டில் பரிவாகன் இணையதளத்திலும் எம்-பரிவாகன் செயலியிலும் பதிவுத் தவணை, இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றின் தேதிகள் தெரியும். முன்பு கண்ட குறைகள் தெரியாது. அந்தக் கணக்கை வாங்குகிற நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

கணக்கு எழுதும் முறை

ஒரு தாளில் வண்டி பிறந்த ஆண்டு முதல் இன்று வரை வரிசையாக எழுதுங்கள். எதிரே கீழ்க்கண்டவற்றைக் குறியுங்கள்.

1. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு புதுப்பிப்புத் தேதியும். ஒரு தவணை முடிந்த நாளுக்கும் அடுத்தது தொடங்கிய நாளுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால், வண்டி அப்போது எங்கே நின்றது, ஏன் நின்றது என்று கேளுங்கள். விபத்தா, வழக்கா, துருவா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

2. பழைய இன்சூரன்ஸ் பாலிசிகள், பட்டறை ரசீதுகள். எஃப்.சி.க்கு முன்தினம் மட்டும் பெரிய செலவும், மற்ற ஆண்டுகளில் ஒன்றுமில்லாமலும் இருந்தால், ஆய்வுக்காக மட்டுமே பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்த வண்டி என்று சந்தேகிக்கலாம்.

3. வாடகைக் காராக ஓடியதா என்பது. டி போர்டிலிருந்து சொந்த உபயோகத்துக்கு மாற்றிய வண்டியானால், முந்தைய தகுதிச் சான்றுகளையும் கேட்டு வாங்குங்கள்.

4. இன்ஜின் எண், சேஸிஸ் எண், எரிபொருள். புத்தகத்தில் உள்ளதையும் வண்டியில் உள்ளதையும் டார்ச் அடித்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இன்ஜின் மாற்றமும் கேஸ் கிட்டும் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்.

5. வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவு. டி.என். 46 என்றால் பெரம்பலூர், டி.என். 61 என்றால் அரியலூர். வண்டி எந்த அலுவலகப் பதிவில் இருக்கிறதோ அங்கே பதிவேட்டு நகல் கேட்டு, உரிமையாளர், வரி, கடன் விவரங்களைச் சரிபாருங்கள். மிகப் பழைய வண்டியின் விவரம் கணினியில் ஏறவில்லை என்றால், அதை ஏற்றித் தருவது விற்பவர் வேலை என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

விலையில் கழிக்க வேண்டியது

2022 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. 2022 முதல், தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணமும் உண்டு. மூன்று ஆண்டு தாமதம் என்றால் 36 மாதத்துக்கு 18,000 ரூபாய். இதற்கு மேல் பசுமை வரி, பட்டறைச் செலவு. "எஃப்.சி. மட்டும்தான் பாக்கி" என்று விற்பவர் சாதாரணமாகச் சொல்லும் சொல்லுக்குள் இத்தனை ரூபாய் ஒளிந்திருக்கிறது. பேசுவதற்கு முன் அலுவலகத்தில் அன்றைய கட்டணத்தைக் கேட்டு, அதை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

"பழம்பெரும் வண்டி" என்று சொல்லி விலை ஏற்றுவோரும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டியைத் தனி வரிசையில் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவோ வியாபாரத்துக்குப் பயன்படுத்தவோ கூடாது. கடைக்கு வண்டி தேடும் நமக்கு அது உதவாது.

கடைசியாக ஒன்று

கணக்கு சரியாக வந்தால் மட்டும் முன்பணம் கொடுங்கள். தவணை முடிந்த வண்டியானால், விற்பவரே ஆய்வு முடித்துத் தந்த பிறகு மீதித் தொகை என்று எழுதி வாங்குங்கள். 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்தானதும் பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்சநீதிமன்றம் 2018-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நம் பழைய வண்டியை விற்கும்போதும் இதை மறக்கக் கூடாது.

கடன் கேட்டு வருபவரின் பழைய பற்றுவரவைப் பார்த்துத்தான் நாம் சரக்குக் கொடுக்கிறோம். வண்டிக்கும் அந்தப் பேரேடு உண்டு. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குவோம். உழைத்துச் சேர்த்த முதலைக் காப்போம்.