சட்டம் நீங்கிய பின்னும் நீங்காத வடு

1871-ஆம் ஆண்டில் அன்றைய ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. ஒருவர் செய்த செயலைக் கருதாது, அவர் பிறந்த குலத்தைக் கொண்டே அவரைக் குற்றவாளியாகப் பதிவு செய்ய இச்சட்டம் வழி வகுத்தது. பதிவு பெற்றோர் காவலர் முன் ஆஜராக வேண்டும். அனுமதிச் சீட்டின்றி ஊர் எல்லையைக் கடக்கலாகாது. பல சமூகத்தினர் குடும்பத்தோடு தனிக் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டனர். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கவும் பின்னர் அதிகாரம் அளிக்கப்பட்டது.

சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதிலும் 1952 ஆகஸ்டு 31-ஆம் நாளிலும் இச்சட்டம் ஒழிந்தது. அந்நாளையே சீர்மரபினர் தம் விடுதலை நாளாகப் போற்றுகின்றனர். ஆயினும் சட்டம் விட்டுச் சென்ற வடு அதனோடு மறையவில்லை.

வடு தொடரும் விதம்

தந்தை இரவுதோறும் பெயர் கொடுத்துத் திரும்பும் வீட்டில் வளர்ந்த குழந்தை, அச்சத்தையே முதற் பாடமாகக் கற்றது. அக்குழந்தை பெற்றோராகும்போது, தன் குலப்பெயரை மறைக்கவும், அலுவலகத்தைக் கண்டால் ஒதுங்கவும் தன் மக்களுக்குக் கற்பிக்கிறது. ஊரார் காட்டும் ஐயம் அப்பாடத்தை மெய்ப்பிக்கிறது. இவ்வாறு, சட்டத்தைக் காணாத தலைமுறையும் அதன் சுமையைச் சுமக்கிறது. இதனைத் தனி மனிதரின் குறையாகக் கருதுவது பிழையாகும்.

ஒரு முன்மாதிரி

1998 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில், சபர் சமூகத்தைச் சேர்ந்த புதன் சபர் காவலில் உயிரிழந்தார். எழுத்தாளர் மகாசுவேதா தேவி முதலியோர் இதனை நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றனர். அதே ஆண்டில் அகமதாபாத் நகரின் சாராநகரில், சாரா சமூக இளைஞர்கள் அவர் பெயரால் 'புதன் நாடகக் குழு'வைத் தொடங்கினர். அங்கே நூலகமும் எழுந்தது. மறைக்கப்பட்ட துயரத்தை அவர்களே மேடையில் உரைத்தனர். வெட்கமாக உள்ளே கிடந்தது, வரலாறாக வெளியே வந்தது. பரிகாரத்தின் முதற்படி இதுவே எனலாம்.

அலுவலர் கடமை

அடுத்த படிகள் அரசு அலுவலரைச் சார்ந்தவை. முதலாவதாக, பிறப்பைக் கொண்டு ஐயுறும் வழக்கத்தைப் பதிவேடுகளிலிருந்தும் பேச்சிலிருந்தும் அகற்ற வேண்டும். சிறைக் கையேடுகளில் சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளியராகக் காணும் விதிகள் செல்லா என 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இரண்டாவதாக, பள்ளியில் பொருள் காணாமற்போனால் ஒரு குலத்துக் குழந்தையை முதலில் சோதிக்கும் ஆசிரியர், பழைய சட்டத்தையே மீண்டும் நடத்துகிறார் என்பதை உணர வேண்டும். மூன்றாவதாக, மனநலப் பணியாளர் அறிவுரை கூறுமுன், மூத்தோர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். குழந்தையின் அச்சத்தைப் போக்கக் குடும்பத்தின் அச்சமும் தணிய வேண்டும்.

2022 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற சீர்மரபினர் பொருளாதார மேம்பாட்டுத் திட்டம், பயிற்சி, மருத்துவக் காப்பீடு, வாழ்வாதாரம், வீட்டுவசதி ஆகிய நான்கையும் நோக்கமாகக் கொண்டது. இத்தகைய உதவிகள் இன்றியமையாதவை. எனினும், அவற்றைப் பெற வரும் தாய் தன் குலப்பெயரைத் தயக்கமின்றிச் சொல்லும் நிலை வந்ததா என்பதே வெற்றிக்கு உரிய அளவுகோல். அந்நிலை வரும்போதுதான் 1952-இல் தொடங்கிய விடுதலை நிறைவு பெறும்.